மின்வெட்டுக்குப் பிறகு காணாமல் போகும் சுவிட்சுகள்

கேள்வி: வீட்டில் பதினான்கு வைஃபை சுவிட்சுகளும் இரண்டு கேமராக்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும், வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில் சேர்த்திருக்கிறேன். மின்சாரம் போய்வரும்போதெல்லாம் மூன்று நான்கு சாதனங்கள் தொடர்பில் இல்லை என்று காட்டுகிறது. ஆனால் அவற்றைத் தயாரித்த நிறுவனங்களின் செயலியில் ஒழுங்காக இயங்குகின்றன. சாதனங்களை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், பழுது அவற்றில் இல்லை. நிறுவனத்தின் செயலி வெளியே உள்ள சர்வர் வழியாகப் பேசுகிறது. சுவிட்சே அந்தச் சர்வரைத் தேடிப் போவதால், வீட்டு நெட்வொர்க்குக்குள் அதன் முகவரியான ஐபி எண் எதுவானாலும் கவலையில்லை. ஹோம் அசிஸ்டன்ட் பல சாதனங்களை அந்த எண்ணை வைத்தே தேடுகிறது. எண் மாறிவிட்டால், காலி செய்துபோனவரின் வீட்டுக் கதவைத் தட்டிய கதைதான்.

எண்ணைக் கொடுப்பது ரவுட்டரில் உள்ள டிஎச்சிபி என்னும் வசதி. கொடுப்பதும் வாடகைக்குத்தான். மின்சாரம் போனால், யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதையே பல ரவுட்டர்கள் மறந்துவிடும். திரும்ப வந்ததும் பதினாறு சாதனங்களும் ஒன்றாகக் கை நீட்டும்; முந்தியதற்கு முதல் எண். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வைத்தாலே தொல்லை பெருமளவு குறையும். ஆனால் அது மருந்து இல்லை.

மருந்து, ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் இருக்கும் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’. சாதனத்தைத் தயாரிக்கும்போதே அதற்குக் கொடுக்கப்படும் மேக் முகவரி, எண்ணும் எழுத்துமாகப் பன்னிரண்டு இடம் நீளம், பிறவி அடையாளம் போல. அதற்கு எதிரே ஓர் ஐபி எண்ணை எழுதிவிட்டால், எத்தனை முறை மின்சாரம் போய்வந்தாலும் அதே எண்தான் கிடைக்கும். ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் போய் நிலையான எண்ணைப் பதிப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த எண்ணை ரவுட்டர் வேறொரு கைபேசிக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். எங்கே தவறு என்று தேடுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும்.

எண்களை அறைவாரியாகப் பிரிக்காமல் வகைவாரியாகப் பிரியுங்கள். கேமராக்களுக்கு 192.168.1.20 முதல், சுவிட்சுகளுக்கு 40 முதல், கைபேசிகளும் விருந்தினரும் 100-க்கு மேல் ரவுட்டர் தானாகக் கொடுப்பதை எடுத்துக்கொள்ளட்டும். கூடத்துக் கேமரா நாளை மாடிக்குப் போகலாம். அப்போதும் அது கேமராதான். கைபேசிகளுக்குத் தனித்தனியாக எண்ணை ஒதுக்க முயலாதீர்கள். புதிய ஆண்ட்ராய்டும் ஐபோனும் இயல்பாக வைஃபைக்குத் தம் உண்மையான மேக் முகவரியைக் காட்டுவதில்லை.

சிக்கல் ஒன்று உண்டு. மேக் முகவரி அச்சிட்ட ஒட்டுத்தாள் சுவிட்ச் பெட்டிக்குள் சுவரோடு போயிருக்கும். பெட்டியைக் கழற்ற வேண்டாம். ரவுட்டரில் சாதனங்களின் பட்டியலைத் திறந்துவைத்து, ஓர் அறைக்கு மின்சாரம் தரும் எம்சிபி சுவிட்சை மட்டும் இறக்குங்கள். சில நிமிடங்களில் பட்டியலிலிருந்து எவை மறைகின்றனவோ அவை அந்த அறையுடையவை. இனி வாங்கும் சாதனங்களில், மாட்டுவதற்கு முன்பே அந்த ஒட்டுத்தாளைக் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். நான் முதலில் மாட்டிய ஆறு சுவிட்சுகளுக்கு அதைச் செய்யாமல், எம்சிபி பெட்டிக்கும் கணினிக்குமாக ஒரு மாலை முழுவதும் நடந்தேன்.

பட்டியலை ஒரு நோட்டிலும் எழுதிவையுங்கள். இணைய நிறுவனம் ரவுட்டரை மாற்றினால் ஒதுக்கீடு அத்தனையும் அதோடு போய்விடும். புதியது 192.168.0 வரிசையில் வந்தால், அதன் சொந்த எண்ணைப் பழையபடி 192.168.1.1 ஆக்குங்கள். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பழையதாகவே வைத்து, நோட்டைப் பார்த்து ஒதுக்கீட்டை நிரப்பிய பிறகு சாதனங்களுக்கு மின்சாரம் கொடுங்கள்.