இசை கேள்வி பதில்: கீவ் சதுக்கத்தில் இருந்து ஒரு குரல்

கே: பிரிட்டனின் பிங்க் ஃபிளாய்டு ராக் குழு உக்ரைனுக்காகப் புதுப் பாட்டு வெளியிட்டிருக்கிறார்களாமே? எண்பது வயதை நெருங்கும் நேரத்தில் பழைய பெயரைக் காசாக்கப் பார்க்கிறார்களா?
- கல்லூரி மாணவர், கோவை

ப: தம்பி, பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு இதே கேள்வியைக் கேளுங்கள். 'ஹே ஹே ரைஸ் அப்' என்ற இந்தப் பாட்டு 2022 ஏப்ரல் 8 அன்று வந்தது. வருகிற பணம் உக்ரைன் மக்களின் நிவாரணத்துக்குப் போகிறது. அதற்கு முந்தைய மாதமே, 1987 முதலான தங்கள் பாடல்களை ரஷ்யாவிலும் பெலாரஸிலும் இணையத்தில் கேட்க முடியாதபடி எடுத்துவிட்டார்கள். வியாபாரம்தான் நோக்கம் என்றால் யாராவது அப்படிச் செய்வார்களா?

2014-இல் வந்த ஆல்பம் பெரும்பாலும் 1993-94 ஒலிப்பதிவுகளில் மிஞ்சியதை வைத்து உருவானது. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், இந்தக் குழு 1994-க்குப் பிறகு இந்தப் பாட்டு வரும்வரை புதிதாக எதுவும் செய்யவில்லை. என்னைப் போல கேசட் தேயத் தேயக் கேட்டவர்கள் இனி எதுவும் வராது என்றே முடிவு கட்டியிருந்தோம்.

இந்தப் பாட்டில் பாடுவது குழுவில் யாரும் இல்லை. பாடுகிறவர் ஆந்திரி க்லிவ்னியுக், பூம்பாக்ஸ் என்ற உக்ரைன் குழுவின் பாடகர். ரஷ்யா படையெடுத்துப் போர் மூண்டதும் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பிப் படையில் சேர்ந்தார். கீவ் நகரின் சோஃபியா சதுக்கத்தில், ராணுவ உடையில், தோளில் துப்பாக்கியோடு நின்று ஒரு பழைய பாட்டைப் பாடி இன்ஸ்டாகிராமில் போட்டார். பக்கவாத்தியம் கிடையாது. பின்னால் தேவாலயத்தின் மணிக்கூண்டு. அது 1914-இல் முதல் உலகப் போர்க் காலத்தில் உக்ரைன் வீரர்களுக்காக எழுதப்பட்ட பாட்டு. சோவியத் ஆட்சியில் அதைப் பாடினாலே வம்புதான்.

பிங்க் ஃபிளாய்டின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் அந்தக் குரலை அப்படியே எடுத்து, அதைச் சுற்றி டிரம்ஸும் கிட்டாரும் சேர்த்திருக்கிறார். கில்மோரின் மருமகள் உக்ரைன் நாட்டவர். பூம்பாக்ஸ் குழுவோடு 2015-இல் லண்டன் மேடையில் வாசித்த பழக்கமும் அவருக்கு உண்டு. குண்டுச் சிதறலில் காயம்பட்டு மருத்துவமனையில் கிடந்த ஆந்திரியிடம் தொலைபேசியில் பேசி, பாட்டைக் கொஞ்சம் போட்டுக்காட்டி, சம்மதம் வாங்கினார். இங்கேதான் அவர் என் மனதில் உயர்ந்து நிற்கிறார். அடிபட்டவர்களுக்காக நாம் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் இடத்தில் தானே நின்று பாடும் நட்சத்திரங்களை நிறையப் பார்த்தாயிற்று. இவர் மைக்கை அந்த ஊர்க்காரரிடமே விட்டுவிட்டார். குரல் ஓய்கிற இடத்தில்தான் அவருடைய கிட்டார் நீளமாக எழுகிறது.

வீடியோவில், குழுவின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசனின் டிரம்ஸைக் கவனியுங்கள். அதில் இருப்பது உக்ரைன் நாட்டுப்புற ஓவியர் மரியா பிரிமாசென்கோவின் ஓவியம். அவருடைய படைப்புகள் இருந்த இவான்கிவ் அருங்காட்சியகம் 2022 பிப்ரவரியில், போர் தொடங்கிய சில நாட்களிலேயே, தீக்கிரையானது.

கே: இப்படிப் பாட்டு விற்று வரும் பணம் உண்மையிலேயே போய்ச் சேருமா?
- இல்லத்தரசி, நாகப்பட்டினம்

ப: அவசியம் கேட்க வேண்டிய கேள்வி, அம்மா. நல்ல மனசு மட்டும் போதாது, கணக்கும் சரியாக இருக்கணும். 1971-இல் சிதார் கலைஞர் ரவிசங்கர் கேட்டுக்கொண்டதற்காக, பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் வங்கதேச அகதிகளுக்கு நிதி திரட்டினார். ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் நடந்த இரண்டு கச்சேரிகளின் வசூல், சுமார் 2,43,000 டாலர், ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் கைக்குப் போய்விட்டது. ஆனால் அதன் இசைத்தட்டு விற்பனையில் வந்த பெருந்தொகைக்கு வரிவிலக்கு முன்கூட்டியே வாங்கி வைக்கவில்லை. அமெரிக்க வரித்துறையின் பிடியில் அது பல ஆண்டுகள் முடங்கியது. முகாமில் பசியோடு இருந்த பிள்ளைகளுக்கு அந்தத் தாமதம் எப்படி இருந்திருக்கும்!

1984-இல் பிரிட்டனில் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக பேண்ட் எய்டு என்ற பாடகர் கூட்டணியின் பாட்டு வந்தபோதும் இதே வரித் தகராறுதான். அதை ஏற்பாடு செய்த பாடகர் பாப் கெல்டாஃப் விடாமல் சண்டை போட்டார். வரியாக வந்ததற்கு ஈடான தொகையை அரசே கடைசியில் நிதிக்குக் கொடுத்தது. ஆகையால் வாங்கும்முன் இரண்டைப் பாருங்கள்: பணம் எந்த அமைப்புக்குப் போகிறது, லாபத்தில் ஒரு பங்கா அல்லது முழுத் தொகையா. 'ஒரு பகுதி' என்று மொட்டையாகப் போட்டிருந்தால் நான் வாங்க மாட்டேன். அந்தக் காசை நிவாரண அமைப்புக்கு நேராகவே அனுப்பிவிடுவேன்.

கே: இதில் ரோஜர் வாட்டர்ஸ் உண்டா?
- வாசகர், வேலூர்

ப: இல்லை. குழுவின் பழைய பேஸ் கிட்டார் கலைஞரும் பாடகருமான அவர் 1985-லேயே விலகிவிட்டார். கீபோர்டு வாசித்த ரிச்சர்டு ரைட் 2008-இல் காலமானார். இந்தப் பாட்டில் அவர் இடத்தில் வாசித்திருப்பவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டிஷ் இசையமைப்பாளர் நிதின் சாஹ்னி. பேஸ் கிட்டார் வாசித்தவர், 1987 சுற்றுப்பயணத்திலிருந்து இவர்களோடு இருக்கும் கய் பிராட் என்பவர்.