தியானத்துக்கும் இயற்கையைக் காப்பதற்கும் என்ன சம்பந்தம்?

கண்ணை மூடி உட்கார்ந்தால் மரமும் பறவையும் எப்படிப் பிழைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணைத் திறந்துகொண்டும் தியானம் செய்யலாம். எதிரில் இருப்பதை முழுக் கவனத்தோடு பார்க்க வேண்டும். மனம் வேறெங்காவது ஓடினால் மெல்லத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பயிற்சி அவ்வளவுதான்.

எங்கள் தெருமுனைப் புங்கமரத்தடியில் தினமும் காலையில் பத்து நிமிடம் உட்காருகிறேன். முதல் வாரம் வெறும் மரம்தான் தெரிந்தது. அப்புறம்தான் தரையெல்லாம் பொரியைக் கொட்டியதுபோல் பூ உதிர்ந்து கிடப்பதைக் கண்டேன். தேன்சிட்டு ஒன்று கொத்துக்குக் கொத்து தாவிக்கொண்டிருந்தது. ஒருநாள், விளம்பரத் தட்டிக்காக அடித்த ஆணிகள் கண்ணில் பட்டன. துருவைச் சுற்றிப் பட்டை வீங்கியிருந்தது. வருடக்கணக்கில் அந்த வழியே போய்வந்தும் நான் பார்க்காத காயம் அது. மனசு கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனிடம் குறடு வாங்கி, இருவருமாக ஆறு ஆணிகளைப் பிடுங்கினோம்.

இதையே ஊர் சேர்ந்து செய்கிற இடமும் உண்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாதே என்றுதான். வடகிழக்குப் பருவமழையோடு கூடு கட்ட வரும் பறவைகளைக் கூர்ந்து கவனித்த ஊருக்குத்தான் அப்படித் தோன்றும்.

நீங்களும் வீட்டருகே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு மாதம் அதே இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.