டிசைன் கோப்பு எங்கே இருக்க வேண்டும்?

புதுச்சேரியில் அச்சுக்கு முந்தைய கணினி வேலை பார்த்து எனக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கோப்புகளை அலுவலகத்துக்குள்ளேயே பகிர்வதா, கிளவுடில், அதாவது இணையம் வழியே வேறு நிறுவனத்தின் சர்வரில், வைப்பதா என்று கடலூர், புதுச்சேரித் தொழில் நண்பர்கள் கேட்டவற்றுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

முதலியார்பேட்டையிலிருந்து: நாங்கள் மூன்று பேர். பெரும்பாலும் ஃபிளெக்ஸ் பேனர் வேலை. ஒரு கணினியின் ஃபோல்டரைப் பகிர்ந்து வேலை செய்கிறோம். எல்லாவற்றையும் கூகுள் டிரைவுக்கு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

வேண்டாம். பேனருக்கான ஃபோட்டோஷாப் கோப்பு ஒரு ஜிபியைத் தொடுவது சாதாரணம். இணையத்தில் பதிவேற்றும் வேகம் விநாடிக்கு 10 மெகாபிட் என்றால், ஒரு ஜிபி ஏறுவதற்குப் பதின்மூன்று, பதினான்கு நிமிடங்கள் ஆகும். விநாடிக்கு 1000 மெகாபிட் கடத்தும் கிகாபிட் கேபிளில் அதே கோப்பு பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் அடுத்த மேசைக்குப் போய்விடும். கணினிகளின் கேபிள்களை இணைக்கும் உங்கள் ஸ்விட்ச் பெட்டி பழைய 100 மெகாபிட் வகையா என்று முதலில் பாருங்கள். கிளவுட் வாங்குவதற்கு முன் அதை மாற்றினாலே பாதி எரிச்சல் தீரும். வேலை முடிந்த கோப்பை மட்டும் மாலையில் டிரைவில் ஏற்றுங்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் ஜிமெயிலும் புகைப்படங்களும் சேர்ந்தே அடங்கும் என்பதை மறக்காதீர்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: டிராப்பாக்ஸ் என்ற கிளவுட் சேவையின் ஃபோல்டரில் இருந்த ஒரே கோப்பை நானும் தம்பியும் திறந்து சேமித்தோம். இப்போது இரண்டு கோப்புகள் இருக்கின்றன. எது சரி?

இரண்டும் பாதி சரி, அதுதான் சிக்கல். இத்தகைய சேவைகளில் ஆளுக்கொரு பிரதி அவரவர் கணினியில் இருக்கும். அவை பின்னர்தான் ஒத்துப்போகும். அந்த இடைவெளியில் இருவரும் சேமித்தால் எதையும் அழிக்கத் துணியாமல் இரண்டையும் வைத்துவிடும். அலுவலக நெட்வொர்க்கில், பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன், கட்டட வரைபடம் வரையும் ஆட்டோகேட் போன்ற மென்பொருள்கள் கோப்பு திறந்திருக்கும்போது பூட்டுக் கோப்பு ஒன்றைப் பக்கத்தில் உருவாக்கி, அடுத்தவரை எச்சரிக்கும். ஃபோட்டோஷாப்பில் அந்தக் காவலும் இல்லை. ஆகவே, ‘இப்போது நான் திறந்திருக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் உங்கள் இருவருக்கும் வேண்டும்.

இணையத்திலேயே இயங்கும் ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருள் வேறு இனம். அதில் கோப்பு சர்வரிலேயே இருப்பதால் பலர் ஒரே நேரத்தில் திருத்தலாம். செயலி, இணையதளத் திரை வடிவமைப்புக்கு மிக நல்லது; நான்கு வண்ண அச்சுக்கு உருவானதன்று.

நெய்வேலியிலிருந்து: கல்யாணப் பத்திரிகைக் கோப்பைக் கிளவுடில் அனுப்பினால் அச்சகத்தில் தமிழ் எழுத்து குலைந்து போகிறது. கிளவுட் கெடுத்துவிடுகிறதா அக்கா?

இல்லை தம்பி. பென்டிரைவில் கொண்டுபோனாலும் இதேதான் நடக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்களை வைத்திருப்பவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்ற சொல், நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவே ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கோப்பில் பிழையே இல்லை. அதைப் படிக்கும் கண்ணாடிதான் அங்கே இல்லை.

இன்டிசைனிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் ‘பேக்கேஜ்’ என்ற வசதி, கோப்புடன் படங்களையும் எழுத்துருக்களையும் ஒரே ஃபோல்டரில் திரட்டித் தரும். அந்த ஃபோல்டரைச் சுருக்கி ஒரே ஜிப் கோப்பாக அனுப்பு. அல்லது எழுத்துருவைப் பதித்த பிடிஎஃப் அனுப்பு. எழுத்துகளை ‘கர்வ்’ ஆக்கி, அதாவது வெறும் கோட்டு உருவங்களாக மாற்றி, அனுப்புவதும் பாதுகாப்பானதுதான், ஆனால் அதை வேறு பெயரில் சேமித்துக்கொள். எழுத்துருவுடன் இருந்த மூலத்தின்மீதே கர்வ் ஆக்கிச் சேமித்துவிட்டேன் ஒருமுறை. இரவு பத்து மணிக்குப் பெண் வீட்டார் தொலைபேசியில் அழைத்து, முகூர்த்தம் ஒன்பதரை அல்ல, பத்தரை என்றார்கள். ‘ஒன்பதரை’ என்ற சொல் வெறும் கோடுகளாகத் திரையில் கிடந்தது. முழுப் பத்திரிகையையும் மறுபடி தட்டினேன், தாத்தா பாட்டி பெயர்கள் உட்பட.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, கட்டட வரைவாளர்: வீட்டு பிளானை ஆட்டோகேட்டில் பொறியாளருக்கு அனுப்பினால் இணைத்த வரைபடங்கள் காணோம் என்கிறது.

இணைப்பின் முகவரி உங்கள் கணினியின் டிரைவைச் சுட்டுகிறது. அதைச் சார்புப் பாதையாக, அதாவது பிளான் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்து தொடங்கும் முகவரியாக, மாற்றுங்கள். அனுப்பும்போது ஆட்டோகேட்டிலேயே உள்ள ‘இ-டிரான்ஸ்மிட்’ வசதியைக் கொண்டு மொத்தமாகக் கட்டி அனுப்புங்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து: புயல் வந்தால் மின்சாரமும் இணையமும் போய்விடுகின்றன. கிளவுடை நம்பி என்ன பயன்?

நியாயமான பயம். ஆனால் நான் பட்டதையும் கேளுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் கடையின் கூரைத் தகடு பறந்தது. கணினி நனைந்தது. அதன் பக்கத்திலேயே மேசைமேல் வைத்திருந்த பிரதி ஹார்டு டிஸ்கும் நனைந்தது. இரண்டு பிரதிகள் இருந்தன, இரண்டும் ஒரே மேசையில். எட்டு ஆண்டு வேலை போயிற்று. பழைய வாடிக்கையாளர் ‘போன வருஷ டிசைன்தான், தேதியை மட்டும் மாற்றுங்கள்’ என்று வந்து நின்றபோது அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 முறையைப் பின்பற்றுகிறேன்: மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். கணினியில் ஒன்று, ஹார்டு டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஹார்டு டிஸ்கைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி மாடிக்கு எடுத்துப் போனேன். இணையம் இல்லாத நாள்களில் வேலை தந்தது அது. மாடியும் போயிருந்தால் கை கொடுத்திருக்கப்போவது கிளவுட். இரண்டும் வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம்: கிளவுடோடு தானாக ஒத்துப்போகும் ஃபோல்டரைக் காப்புப் பிரதி என்று எண்ணாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள்தான் வைத்திருக்கும்.

லாஸ்பேட்டையிலிருந்து: வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் மங்குகிறதே?

படமாக அனுப்பாதீர்கள், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

வில்லியனூரிலிருந்து: வாடிக்கையாளருக்கு லிங்க் கொடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

‘லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ‘பார்க்க மட்டும்’ என்று மாற்றுங்கள். வீட்டு பிளான், இன்னும் வெளியாகாத லோகோ என்றால் அவருடைய மின்னஞ்சலுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். வேலை முடிந்து பணம் வந்த அன்றே லிங்கை மூடிவிடுங்கள்; வேலையை விட்டுப்போன பணியாளரின் அனுமதியையும் அன்றே நீக்குங்கள்.