குடல் நோய்க்கு இழப்பீடு: தரகருக்கு எதற்குப் பங்கு?

கேள்வி: டல்லாஸில் வசிக்கிறோம். என் கணவர் அமெரிக்கத் தரைப்படையில் இருந்தபோது 2009இல் குவைத்தில் பணியாற்றியவர். பல ஆண்டுகளாக வயிற்று வலி, உப்புசம், திடீர் வயிற்றுப்போக்கு. குடல் எரிச்சல் நோய் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது கணினித் துறையில் நல்ல சம்பளம். அவருக்கு இழப்பீடு கிடைக்குமா? ஒரு நிறுவனம் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொல்லி, ஐந்து மாதத் தொகையைக் கூலியாகக் கேட்கிறது. அடுத்த ஆண்டு வீடு வாங்கும் எண்ணமும் உண்டு.

பதில்: அந்த நிறுவனத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், அம்மா. முன்னாள் படைவீரர் நலத்துறையில் முதல் விண்ணப்பம் போட்டுத் தர எவரும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். ‘பயிற்சி’, ‘ஆலோசனை’ என்று பெயரை மாற்றிக்கொண்டு வாங்குகிறார்கள். இதே வேலையை அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகளும், உங்கள் கவுண்டியின் படைவீரர் சேவை அலுவலரும் இலவசமாகவே செய்து தருகிறார்கள்.

சம்பளம் தடையில்லை. இந்த இழப்பீடு வருமானத்தைப் பார்த்துத் தரப்படுவதன்று. இதற்கு அமெரிக்க வருமான வரியும் கிடையாது.

குவைத் பணி உங்களுக்குப் பெரிய பலம். 1990 ஆகஸ்ட் 2க்குப் பிறகு அந்த வட்டாரத்தில் பணியாற்றியவர்களுக்கு இந்த நோய் பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். எதனால் வந்தது என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. 2022இல் வந்த பேக்ட் சட்டம், நோய் எப்போது தலைகாட்டினாலும் செல்லும் என்று ஆக்கிவிட்டது. ஆறு மாதமாவது நீடித்த உபாதை என்பதற்கு மருத்துவக் குறிப்பும், குவைத் பணியைக் காட்டும் படை ஆவணங்களும் கையில் இருக்கட்டும்.

எவ்வளவு வரும்? 2024 மே மாதம் மாறிய விதிப்படி, கடந்த மூன்று மாதங்களில் வலி எத்தனை முறை வந்தது என்பதே முக்கியக் கணக்கு. நோயின் பாதிப்பைச் சதவீதமாக மதிப்பிட்டு, அதற்கேற்ப மாதத் தொகை தருவார்கள். ஒருமுறையாவது வந்திருந்தால் 10 சதவீதம், மாதம் மூன்று நாளாவது என்றால் 20, வாரம் ஒரு நாளாவது என்றால் 30. வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். கூடவே உப்புசம், அவசரம், மலத்தின் தன்மையில் மாற்றம் போன்றவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். 2025 கட்டணப்படி 20 சதவீதத்துக்கு மாதம் 346.95 டாலர். 30 என்றால் மனைவிக்கான சேர்மானமும் உண்டு: 601.42 டாலர். நடுவில் இருக்கும் 254 டாலரும் வாரம் ஒரு வலி என்பதை எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

நம் ஆண்கள் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். விண்ணப்பத்துக்காகப் பரிசோதனை செய்யும் மருத்துவர் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்றதும், ‘பரவாயில்லை, சமாளித்துக்கொள்கிறேன்’ என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவார்கள். அந்தப் ‘பரவாயில்லை’ அப்படியே கோப்பில் ஏறிவிடும். கழிப்பறைச் சமாச்சாரத்தை வாய்விட்டுச் சொல்ல அவர் கூசினால், இன்று முதல் ஒரு சிறிய நோட்டில் எழுதட்டும்: தேதி, வலி வந்த நேரம், கூட்டத்தின் நடுவில் எழுந்து ஓடியது, பாதி வழியில் காரை நிறுத்தியது. மிகைப்படுத்த வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நீங்கள் கண்டதைத் தனியாக எழுதிக் கையொப்பமிட்டும் கொடுக்கலாம்.

நோட்டு நிறையட்டும் என்று காத்திருக்காதீர்கள். ‘விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன்’ என்று தெரிவிக்கும் 21-0966 படிவத்தை இந்த வாரமே அவர் அனுப்பிவிடட்டும். முழு விண்ணப்பத்தை ஓராண்டுக்குள் கொடுத்தால் போதும். பணம் கணக்கிடப்படுவது இந்தத் தேதியிலிருந்து.

வீட்டு விஷயத்தில்தான் பெரிய தொகை ஒளிந்திருக்கிறது. படைவீரர்களுக்கென நலத்துறை உத்தரவாதம் தரும் வீட்டுக்கடனை முதல்முறை முன்பணமின்றி வாங்கினால், கடன் தொகையில் 2.15 சதவீதம் நிதிக் கட்டணமாகக் கட்ட வேண்டும். 4 லட்சம் டாலர் கடனுக்கு 8,600 டாலர். இழப்பீடு பெறுபவருக்கு, 10 சதவீதமே ஆனாலும், இது முழுமையாகத் தள்ளுபடி. முடிவு வருவதற்குள் வீடு அமைந்துவிட்டால் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். இழப்பீடு தொடங்கும் தேதி கடன் முடித்த தேதிக்கு முந்தியதாக அமைந்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.