கருங்கடல் சாவி யார் கையில்? – வாசகர் கேள்வி பதில்

2023இல் ரஷ்யாவின் ‘அட்மிரல் கோர்ஷ்கோவ்’ போர்க்கப்பல் வடகோடியிலிருந்து நம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடல்வரை வந்து போனது. இவ்வளவு தூரம் வரத் தெரிந்தவர்களால் வீட்டு வாசலில் உள்ள கருங்கடலுக்குள் கூடுதலாக ஒரு கப்பலை அனுப்ப முடியவில்லையாமே, ஏன்?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

வாசல் துருக்கியுடையது. மத்தியதரைக் கடலிலிருந்து கருங்கடலுக்குப் போக டார்டனெல்ஸ், மர்மரா, போஸ்பரஸ் என்று ஒரே வழிதான். போஸ்பரஸ் ஜலசந்தி சுமார் 31 கிலோமீட்டர் நீளம். மிகக் குறுகிய இடத்தில் கரைக்குக் கரை 700 மீட்டர்தான். இதில் யார் போகலாம், எப்படிப் போகலாம் என்பதை 1936 ஜூலை 20 அன்று கையெழுத்தான மோன்ட்ரோ ஒப்பந்தம் சொல்கிறது.

அமைதிக் காலத்தில் வணிகக் கப்பல்களுக்குத் தடையில்லை. போர்க்கப்பல் என்றால் கருங்கடல் நாடுகள் எட்டு நாள் முன்னதாகத் துருக்கிக்குத் தகவல் சொல்ல வேண்டும். நீர்மூழ்கிக்கு நிபந்தனை இன்னும் கடுமை. வெளியே கட்டி அல்லது வாங்கித் தளத்துக்குக் கொண்டுவரும்போதும், பழுதுபார்க்கப் போய் வரும்போதும் மட்டுமே அது கடக்கலாம். அதுவும் பகலில், தண்ணீருக்கு மேலே, தனியாக.

இப்போது ரஷ்யாவைக் கட்டிப்போட்டிருப்பது 19ஆம் பிரிவு. துருக்கி கலந்துகொள்ளாத ஒரு போர் நடக்கும்போது, போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்கள் ஜலசந்தியைக் கடக்கக் கூடாது. தன் தளத்தைப் பிரிந்து நிற்கும் கப்பல் திரும்பிப் போக மட்டுமே விலக்கு. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது ரஷ்யாவின் படையெடுப்பு தொடங்கியது. துருக்கி அதைப் போர் என்று அறிவித்து மாத முடிவுக்குள் இந்தப் பிரிவைக் கையிலெடுத்தது. மற்ற நாடுகளிடமும் போர்க்கப்பல் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. பசிபிக் படையின் ‘வர்யாக்’, வடக்குப் படையின் ‘மார்ஷல் உஸ்தினோவ்’ ஆகிய இரண்டு பெரிய கப்பல்களும் மத்தியதரைக் கடலோடு நின்றுவிட்டன.

ரஷ்யா இதை எதிர்பார்த்தே இருந்தது. அதே பிப்ரவரி முதல் பாதியில் பால்டிக், வடக்குப் படைகளிலிருந்து ஆறு தரையிறக்கக் கப்பல்களையும், ‘ரஸ்தோவ்-நா-தனு’ நீர்மூழ்கியையும் முறைப்படி உள்ளே கொண்டுவந்துவிட்டது. ஆனால் உள்ளே வந்ததை இழந்தால் ஈடுகட்ட வழியில்லை. ஏப்ரல் 14இல் கருங்கடல் படையின் தலைமைக் கப்பல் ‘மாஸ்க்வா’ மூழ்கியது. 2023 செப்டம்பர் 13 அன்று கிரிமியாவின் செவஸ்தபோல் துறைமுகத்தில் பழுதுபார்க்கும் உலர்துறையில் கிடந்த ‘மின்ஸ்க்’ கப்பலும் அந்த நீர்மூழ்கியும் ஏவுகணைத் தாக்குதலில் சிதைந்தன. முன்பு வந்த ஆறு தரையிறக்கக் கப்பல்களில் ஒன்றுதான் ‘மின்ஸ்க்’.

பின்வாசல் ஒன்றும் இருக்கிறது. காஸ்பியனிலிருந்து வோல்கா ஆறு, 101 கிலோமீட்டர் வோல்கா-தோன் கால்வாய், அசோவ் கடல் வழியாகச் சிறு கப்பல்கள் வரலாம். ஆயிரம் டன்னுக்குட்பட்ட ‘புயான்-எம்’ வகைக் கப்பலே எட்டு காலிபர் ஏவுகணைகளைச் சுமக்கும் என்பதால் இந்த வழியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் ஆழம் போதாமல் பெரிய கப்பல் எதுவும் வர முடியாது. குளிர்காலத்தில் உறைபனி கால்வாயை அடைத்துவிடும்.

கையைக் கட்டும் ஒப்பந்தத்தை ரஷ்யா ஏன் கிழித்துப் போடவில்லை?
– வாசகி, டோங்காட்

கிழித்தால் அமெரிக்கா உள்ளே வந்துவிடும். அதுதான் காரணம். கருங்கடல் கரையில்லாத நாடுகள் எல்லாம் சேர்ந்தும் அதிகபட்சம் 45,000 டன் போர்க்கப்பலைத்தான் உள்ளே வைத்திருக்கலாம். ஒரு நாட்டின் பங்கு அதில் மூன்றில் இரண்டைத் தாண்டக் கூடாது, 21 நாளில் வெளியேறிவிட வேண்டும். ஒரு லட்சம் டன் எடையுள்ள அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலுக்கு இதில் இடமே கிடையாது. 1850களின் கிரிமியப் போரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கடற்படைகள் இதே ஜலசந்தி வழியாக உள்ளே புகுந்துதான் செவஸ்தபோலை முற்றுகையிட்டன. அந்த அச்சம் மாஸ்கோவை இன்றும் விடவில்லை. இரண்டாண்டு முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வழியிருந்தும் எந்த நாடும் இதுவரை அதைச் செய்யவில்லை. இந்தப் பூட்டு இல்லாதிருந்தால் இந்தப் போர் இதைவிடப் பெரிதாகியிருக்கும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

கோதுமை நம் மேற்குக் கேப்பில் விளைகிறது, சூரியகாந்தி ஃப்ரீ ஸ்டேட்டில் விளைகிறது. உக்ரைனின் ஒடெசா துறைமுகத்தில் குண்டு விழுந்தால் என் கடையில் ரொட்டியும் எண்ணெயும் ஏன் விலை ஏற வேண்டும்?
– மளிகைக் கடைக்காரர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நம் நாட்டுக்கு வேண்டிய கோதுமையில் ஏறக்குறைய பாதி வெளியிலிருந்து வருகிறது. அதனால் உள்ளூர் விவசாயியும் இறக்குமதி விலையை ஒட்டித்தான் விற்கிறார். உலகச் சந்தை விலை, கப்பல் வாடகை, காப்பீடு, துறைமுகச் செலவு, சுங்கவரி எல்லாவற்றையும் கூட்டி, டாலரை ராண்டாக மாற்றினால் அந்த விலை வரும். இதில் எது ஏறினாலும் மேற்குக் கேப் கோதுமையும் சேர்ந்து ஏறும்.

காப்பீட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். போர் அபாயப் பகுதிக்குப் போகும் கப்பலுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. அது கப்பல் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று, பெரும்பாலும் ஏழு நாளுக்குப் போடப்படும். உதாரணத்துக்கு, கப்பல் இரண்டு கோடி டாலர், கட்டணம் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லட்சம் டாலர் ஆகிறது. சரக்கு 25,000 டன் என்றால் டன்னுக்கு எட்டு டாலர் ஏறிவிட்டது. துறைமுகத்தில் தாமதமாகி ஏழு நாள் தாண்டினால் மறுபடியும் கட்ட வேண்டும்.

உக்ரைன் தானியத்தைக் கருங்கடல் வழியாக வெளியே கொண்டுபோக 2022 ஜூலை 22 அன்று இஸ்தான்புல்லில் கையெழுத்தான தானிய உடன்பாட்டுக்குச் சிக்கல் வந்தது இங்கேதான். போகும்போதும் வரும்போதும் ரஷ்யா, உக்ரைன், துருக்கி, ஐ.நா. ஆகிய நான்கு தரப்பும் சேர்ந்து கப்பலைச் சோதித்தன. சோதனை மந்தமானால் கப்பல்கள் நங்கூரம் போட்டு வரிசையில் நின்றன. நிற்கும் ஒவ்வொரு நாளும் செலவு. அப்படியும் ஏறக்குறைய 3.3 கோடி டன் வெளியே போனது. 2023 ஜூலை 17 அன்று ரஷ்யா விலகியது. ஆகஸ்டில் உக்ரைன் வேறு வழி பிடித்தது. ஒடெசாவிலிருந்து கரையை ஒட்டியே ருமேனியா, பல்கேரியா கடல் எல்லைக்குள் கப்பலைக் கொண்டுபோனது. அவை நேட்டோ நாடுகள் என்பதால் அங்கே கைவைக்க ரஷ்யா யோசிக்கும். அந்த வழியில் கட்டறுந்து மிதக்கும் கண்ணிவெடிகள்தான் பெரிய தொல்லை. அவற்றை அகற்றத் துருக்கி, ருமேனியா, பல்கேரியா மூன்றும் 2024 ஜனவரியில் கூட்டுப்படை அமைக்கக் கையெழுத்திட்டன.

உங்கள் கடைக்கு ஒரு யோசனை: ஒடெசா செய்தியைப் பார்த்தவுடன் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்காதீர்கள். ஆலைக்காரர்கள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வாங்குவதால், விலை ஏற்றமும் இறக்கமும் அலமாரிக்கு வரச் சில மாதம் ஆகும். நீங்கள் வாங்கி முடிப்பதற்குள் சந்தை இறங்கிவிடலாம். ராண்டின் மதிப்பைக் கவனியுங்கள். அதுவே நல்ல வழிகாட்டி.

ரஷ்யக் கப்பலோடு நம் கடற்படை பயிற்சி செய்தது நடுநிலைதானா?
– மாணவர், ஃபீனிக்ஸ்

சீனாவும் சேர்ந்த ‘மோசி’ பயிற்சி முதலில் 2019இல் கேப்டவுனில் நடந்தது. அதில் பிழை காண ஒன்றுமில்லை. இரண்டாவது பயிற்சி 2023 பிப்ரவரி 17 முதல் 27 வரை டர்பன், ரிச்சர்ட்ஸ் பே கடலில் நடந்தது. போரின் முதலாண்டு நிறைவு நாள் சரியாக அதற்குள் விழுந்தது. ஐ.நா. வாக்கெடுப்பில் ஒதுங்கி நின்று, சமாதானம் பேசவும் விரும்பும் ஒரு நாடு அந்தத் தேதியை ஏற்றிருக்கக் கூடாது. ‘அட்மிரல் கோர்ஷ்கோவ்’ வந்ததே ‘சிர்கான்’ ஏவுகணையை உலகுக்குக் காட்டத்தான். நாம் அதற்கு மேடை போட்டுக் கொடுத்தோம்.

அந்த ஜூன் 17 அன்று ஆப்பிரிக்கத் தலைவர்களோடு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போன அதிபர் ராமபோசா, கருங்கடலில் தானியம் தடையின்றிப் போக வழிவிட வேண்டும் என்று புதினிடம் நேரிலேயே கேட்டார். சரியாக ஒரு மாதம் கழித்து ரஷ்யா தானிய உடன்பாட்டிலிருந்து விலகியது.