கார்பனுக்கு டன் இருக்கு, தாக்குப்பிடிக்கிறதை எதை வச்சு அளக்குறது?

கேள்வி: கடலோர கிராமங்கள்ல வேலை செய்யுற ஒரு சின்ன தொண்டு நிறுவனத்துல இருக்கேன். புயல் ஷெல்டர், போன்ல எச்சரிக்கை, உப்பு தாங்குற நெல் விதை, இதுதான் எங்க ப்ராஜெக்ட். நிதி குடுக்குறவங்க இப்போ உலக நாடுகள் ஒத்துக்கிட்ட இண்டிகேட்டர்ஸோட பொருந்துற மாதிரி ரிப்போர்ட் கேக்குறாங்க. அது என்ன, நான் எதை அளக்கணும்?

பதில்: நீங்க சொல்ற அந்த லிஸ்ட் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, பிரேசில்ல பெலெம் நகரத்துல நடந்த ஐநா பருவநிலை மாநாட்டுல. மொத்தம் 59 இண்டிகேட்டர்ஸ், அதாவது பருவநிலை மாற்றத்தைத் தாக்குப்பிடிக்க எவ்ளோ தயாராகியிருக்கோம்னு பாக்குற அளவுகோல்கள்.

இதுக்கு ஏன் பத்து வருஷம் ஆச்சுன்னா, 2015 பாரிஸ் ஒப்பந்தத்துல 7வது பிரிவுல தகவமைப்புக்கு (மாறுற பருவநிலைக்கு ஏத்த மாதிரி நம்மளை மாத்திக்கிறதுக்கு) உலகத்துக்கே ஒரு பொது இலக்குன்னு எழுதினாங்க, ஆனா வெப்பநிலைக்கு 1.5 டிகிரி 2 டிகிரின்னு இருக்குற மாதிரி இதுக்கு ஒரு நம்பர் வைக்க முடியல. கார்பன் எந்த ஊர்ல குறைஞ்சாலும் ஒரு டன் ஒரு டன்தான். நெதர்லாந்துல கடல் தடுப்பை உயர்த்துறதையும் நைஜர்ல கம்பு விதையை மாத்துறதையும் எப்படிங்க ஒண்ணா கூட்டுறது? 2023ல துபாய்லதான் தண்ணி, உணவு, சுகாதாரம், இயற்கைச் சூழல், கட்டமைப்பு, வாழ்வாதாரம், பண்பாட்டுச் சின்னங்கள்னு 7 துறை பிரிச்சாங்க, கூடவே ஆபத்தை மதிப்பிடுறது, திட்டம் போடுறது, செய்யுறது, கண்காணிக்கிறதுன்னு 4 கட்டம். அப்புறம் நிபுணர்கள் 9,000க்கு மேல இருந்த இண்டிகேட்டர்ஸை சலிச்சு 100க்கு கொண்டுவந்தாங்க, மாநாட்டுல அது 59 ஆச்சு. கடைசி நேரத்துல வார்த்தைகளை மாத்திட்டாங்க, இப்படி இருந்தா அளக்கவே முடியாதுன்னு சியரா லியோன், பனாமா, ஐரோப்பிய யூனியன் எல்லாம் அங்கயே ஆட்சேபம் சொன்னாங்க. அது நியாயம்தான்னு நானும் நினைக்கிறேன்.

சரி, எதை அளக்கணும்? பங்களாதேஷைப் பாருங்க, உங்க வேலைக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. 1970 போலா புயல்ல குறைஞ்சது 3 லட்சம் பேர் செத்தாங்க. 1972ல வாலண்டியர்களை வச்சு எச்சரிக்கை சொல்ற திட்டம் ஆரம்பிச்சாங்க. 1991ல மறுபடி கிட்டத்தட்ட 1.4 லட்சம் பேர், அதுல பொம்பளைங்க ஆம்பளைங்களைவிட ரொம்ப அதிகம், ஏன்னா வீட்டுக்காரர் வரட்டும்னு காத்திருந்தாங்க, ஆம்பளைங்க கூட்டமா இருக்குற ஷெல்டருக்குப் போகத் தயங்கினாங்க, மாட்டை விட்டுட்டு வர மனசு வரல. அதுக்கப்புறம்தான் ஷெல்டர்ல பெண்களுக்குத் தனி இடம், மாடு கட்ட இடம், வாலண்டியர்கள்லயும் நிறைய பெண்கள்னு மாறுச்சு. 2007 சிதர் புயல்ல சுமார் 3,400 பேர், 2020 அம்பன்ல அங்க 50க்கும் கீழ. இத்தனை ஷெல்டர் கட்டினோம்ங்கிற கணக்கை மட்டும் வச்சிருந்தா, பொம்பளைங்க ஏன் வரலங்கிறது கடைசி வரைக்கும் வெளிய வந்திருக்காது.

ஆனா அதே கரையோரத்துல 2009 ஐலா புயலுக்குக் கரை உடைஞ்சு வயல்ல உப்புத்தண்ணி மாசக்கணக்கா நின்னுச்சு, குடிதண்ணிக்குப் பெண்கள் இன்னைக்கும் ரொம்ப தூரம் நடக்குறாங்க. சாவு எண்ணிக்கையை மட்டும் பாத்தா வெற்றி, பொழப்பைப் பாத்தா அப்படிச் சொல்லவே முடியாது. அதனால ஒரே நம்பரை நம்பாதீங்க.

நீங்க செய்ய வேண்டியது, முதல்ல இந்த மாசமே பேஸ்லைன், அதாவது இப்போ நிலைமை என்னங்கிற தொடக்கக் கணக்கு, எடுத்துடுங்க, ப்ராஜெக்ட் முடியுறப்போ எடுத்தா எதோட ஒப்பிடுவீங்க? போன எச்சரிக்கை எத்தனை மணி நேரம் முன்னாடி வந்துச்சு, யார் சொல்லி தெரிஞ்சுது, ஷெல்டருக்குப் போனீங்களா, போகலன்னா ஏன், இந்த நாலு கேள்வியை வருஷா வருஷம் அதே வார்த்தையில அதே வீடுகள்ல கேளுங்க, பதிலைப் பெண்கள், வயசானவங்க, மாற்றுத்திறனாளிகள்னு பிரிச்சு வைங்க. அந்த வருஷம் காத்து எவ்ளோ வேகம், கடல் தண்ணி எவ்ளோ உள்ள வந்துச்சுன்னும் குறிச்சுக்கோங்க, புயலே வராத வருஷத்துல யாரும் சாகலன்னு எழுதுறதுல அர்த்தமே இல்ல. விதை விஷயத்துல எத்தனை கிலோ குடுத்தோம்ங்கிறதைவிட, மூணாவது வருஷம் நீங்க குடுக்காமலே எத்தனை பேர் அதே விதையைப் போடுறாங்கன்னு பாருங்க, மண்ணு உப்பையும் மீட்டர் வச்சு வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது அளந்துடுங்க.

59க்கும் பொருத்தணும்னு ஓடாதீங்க. எச்சரிக்கை, உணவு, வாழ்வாதாரம் பக்கம் மூணு நாலு போதும். இதெல்லாம் நாடுகள் தானா விரும்பி பயன்படுத்துறதுக்குத்தான், நாட்டுக்கு நாடு ஒப்பிட்டு ரேங்க் போடுறதுக்கு இல்லன்னு மாநாட்டு முடிவுலயே இருக்கு, அதை நிதி குடுக்குறவங்ககிட்ட தைரியமா சொல்லுங்க. அளக்குறதுக்கு ஆகுற செலவையும் தனியா கேளுங்க. வளரும் நாடுகளுக்கு 2035 வாக்குல தகவமைப்புக்கு வருஷம் 310 முதல் 365 பில்லியன் டாலர் தேவைன்னு ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கு சொல்லுது, 2023ல வெளிநாட்டுல இருந்து வந்த அரசு நிதி 26 பில்லியன்தான். இருக்குற இந்தப் பணத்துல சர்வே செலவையும் நீங்களே சுமந்தா விதைக்குத்தான் குறையும்.

இன்னொண்ணு, இந்த 59ஐயும் இன்னும் சரிபண்ணிட்டுதான் இருக்காங்க, 2027 அடிஸ் அபாபா மாநாடு வரைக்கும் அந்த வேலை ஓடும், வரையறை மாறலாம். அதனால சதவீதம் போட்ட ரிப்போர்ட்டை மட்டும் வச்சுக்கிட்டு சர்வே ஷீட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, வீடு வாரியா அப்படியே வைங்க, அப்போதான் புது வரையறைக்கு மறுபடி கணக்குப் போட முடியும்.