அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். நல்ல சர்ஜனை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேட்டவரும் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரர் என்பதால் ஊர் நிலவரத்தோடே சொல்கிறேன். இங்கே யாருக்காவது ஆப்பரேஷன் என்றால் போதும், "அவருக்குக் கைராசி, அங்கேயே போங்க" என்று நாலு பெயர் வந்துவிடும். விசாரித்தால் அதில் ஒருவர் எலும்பு டாக்டராக இருப்பார்!

பெயர் கிடைத்ததும் நேஷனல் ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டர் (நிபுணத்துவ டாக்டர்களின் தேசியப் பதிவேடு) தளத்தில் தேடுங்கள். பொது அறுவை சிகிச்சை என்று துறை போட்டிருக்க வேண்டும். 2017 ஜூலையிலிருந்து நிபுணர்கள் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவது சட்டப்படி கட்டாயம். பெயருக்குப் பின்னால் எம்ஆர்சிஎஸ் (MRCS) மட்டும் இருந்தால் மயங்க வேண்டாம். அது சர்ஜன் பயிற்சியின் தொடக்கக் கட்டத் தேர்வுதான்.

கைவேலை எப்படி என்பது பதிவேட்டில் இருக்காது. அதற்கு உங்கள் வழக்கமான கிளினிக் டாக்டரைக் கேளுங்கள். ஆப்பரேஷன் முடிந்து காயத்தில் சீழ் வைத்தால் முதலில் அவரிடம்தானே ஓடுகிறோம். யாரிடம் போனவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அப்புறம் சர்ஜனிடம் நேரில் பேசிப் பாருங்கள். என் அப்பாவுக்கும் இதே கல்தான். ஈப்போவில் பார்த்த சர்ஜன் அப்பாயிண்ட்மென்ட் கார்டின் பின்பக்கம் ஈரல், பித்தப்பை, பித்தக் குழாய் மூன்றையும் பேனாவால் வரைந்து, "இந்தக் குழாயில் அடிபட்டால் பெரிய தொல்லை. உள்ளே சரியாகத் தெரியவில்லை என்றால் துளை போட்டுச் செய்வதை நிறுத்திவிட்டு வயிற்றைத் திறந்துவிடுவேன்" என்று மலாயிலேயே விளக்கினார். இனிப்பு நீர் (ரத்தச் சர்க்கரை) இறங்கட்டும் என்று தேதியையும் தள்ளிப் போட்டார். அப்பாவுக்குச் சரியான கோபம். எனக்கு அங்கேதான் நம்பிக்கை வந்தது.

நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்: இந்த ஆப்பரேஷனை அடிக்கடி செய்கிறீர்களா, கத்தி பிடிப்பது நீங்கள்தானா, ராத்திரியில் ஏதாவது ஆனால் யார் வந்து பார்ப்பார், இப்போது செய்தே ஆக வேண்டுமா? வலியே இல்லாமல் ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த கல்லைப் பெரும்பாலும் எடுக்க வேண்டியதில்லை. அதைச் சொல்லாமல் நேராகத் தேதி குறிப்பவரிடம் நான் போக மாட்டேன்.

ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் போன்ற அரசாங்க மருத்துவமனையில் பொதுவாக ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது, காத்திருக்கவும் வேண்டும். ஆனால் மாநிலம் முழுவதிலிருந்தும் கேஸ் வரும் இடம், அனுபவத்துக்குக் குறைவில்லை. தனியாரில் டாக்டர் கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. அறை, மருந்து, சாமான் செலவுதான் பில்லை ஏற்றும். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள்.

வலியோடு காய்ச்சலோ கண் மஞ்சளோ வந்தால் இந்தத் தேடலையெல்லாம் விட்டுவிட்டு அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.